ஒரே தெருவின் கூரைகள்

2009இல் ஒஸ்லோவில் மின்விநியோகப் பொறியியலாளராக இருந்த சிவரஞ்சினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளில் எத்தனை வீடுகள் கூரையில் சூரியத் தகடு பூட்டும் என்று கணித்து, நகரம் முழுவதும் சீராகப் பரப்பி எழுதியிருந்தாள். எங்கோ பிழையென்று மனம் அரித்தது.

சனிக்கிழமை, ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் புதிதாகத் தகடு பூட்டியிருந்த ஜெகதீஸ்வரன் வீட்டுக்குப் போனாள்.

"ஆரும் வந்து பார்த்தவையோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி. பக்கத்து வீடு, முன்வீடு, எல்லாருக்கும் இப்ப வேணுமாம்."

பிழை எங்கேயென்று அவளுக்கு விளங்கியது. தகடுகள் சீராகப் பரவப்போவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் பூட்ட, ஒரே தெருவில் குவியும். வெயில் நாளில் அத்தனை மின்சாரமும் அந்தத் தெருவின் ஒற்றை மின்மாற்றிக்குத் திரும்பிப் பாயும்; அது தாங்காது.

திங்களன்று தெருத்தெருவாகக் கணக்கைத் திருத்தத் தொடங்கினாள். "இந்தப் பனி நாட்டில் இவ்வளவு சூரியத் தகடா?" என்று மேலாளர் சிரித்தார். மாலைக்குள் ஆறு தெருக்களை முடித்தாள்; நகரத்தின் மீதித் தெருக்களை நினைக்க மனம் அடங்கவில்லை.