செல்வி கேட்டது ரோடினால்

செல்லப்பாண்டி அண்ணாச்சிக்கும் அவர் மனைவி பேச்சிச்செல்விக்கும் தீராத சண்டை ஒன்று இருந்தது. கருப்பு வெள்ளை பிலிமை எந்த மருந்தில் கழுவுவது என்பதுதான் சண்டை. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் நான் அடுத்த வீடு. சத்தம் சுவர் தாண்டி வரும். என் மனைவி, "மருந்துச் சண்டை ஆரம்பிச்சாச்சு" என்பாள்.

அண்ணாச்சிக்கு உப்புக் கம்பெனி லேபில் வேலை. அளத்திலிருந்து வரும் உப்பைக் கரைத்துச் சோதிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்து குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரின் சூட்டை ஐஸ் போட்டுக் குறைத்து, பிலிம் கழுவுவார். அவருக்கு உயிர், எஃப்.பி.4 பிலிமும் டி-76 மருந்தும். அந்த மருந்தைக் கடையில் வாங்கமாட்டார். பொடிகளை நிறுத்துத் தானே கலந்து பாட்டிலில் வைத்திருப்பார்.

"உப்பு அம்பாரத்தப் பாரு டேவிட்சன், வெள்ளைக்குள்ள எத்தன வெள்ளை இருக்கு" என்று படத்தை என் கையில் தருவார். நிஜமாகவே இருக்கும். நம்மூர் வெயில்கூட அவர் படத்தில் கண்ணைக் குத்தாது.

அவருக்கு ஆகவே ஆகாதது, வெளிச்சம் குறைந்த நேரத்துக்கான எச்.பி.5 பிலிமை ரோடினால் என்ற மருந்தில் கழுவுவது. அது படத்தில் உள்ள பொடிப் புள்ளிகளையெல்லாம் பெரிதாக்கிக் காட்டிவிடும். ஒருமுறை பெரியதாழைக் கடற்கரையில் மேகம் மூடிய சாயங்காலத்தில் செல்வி அக்காவைப் படம் எடுத்து வந்தார். டி-76 தீர்ந்துபோயிருந்ததால் யாரோ கொடுத்த ரோடினாலில் கழுவினார். பிரிண்ட் போட்டுப் பார்த்ததும் கிழிக்கப் போனவரின் கையிலிருந்து அக்கா பிடுங்கிக்கொண்டார்.

"மூஞ்சில மணல அள்ளிப் போட்ட மாதிரி இருக்குளா."

"அன்னைக்கு மணல் அடிக்கத்தானே செஞ்சிது? அடிச்சது வந்திருக்கு. ஒங்க மத்த படமெல்லாம் பவுடர் போட்டுக்கிட்டு நிக்கி."

அந்தப் படம் பிரிட்ஜ் கதவில் ஏறியது. அண்ணாச்சி பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டார்.

போன வருஷம் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரியும்போதே பரவியிருந்தது. மதுரைக்கும் தூத்துக்குடிக்குமாக அலைந்தார்கள். முடி கொட்டியது, உடம்பு பாதியானது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஐஸ்வர்யா வந்தபோது போனில் ஒரு படம் எடுக்கப் பார்த்தாள். அக்கா கையால் மறைத்துக்கொண்டார். "குரூப்புல போட்டிருவ. பாக்கிறவுக எல்லாம் உச்சுக் கொட்டுவாக. வேண்டாம்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் படம் எடுக்கவில்லை.

இனி மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த சமயம். ஒருநாள் அக்காவே கேட்டார், "தருவைகுளத்துப் பக்கம் அளத்துக்குக் கூட்டிப் போங்க. கேமராவ எடுத்துக்கிடுங்க."

என் காரில்தான் போனோம். விடிந்து வெயில் ஏறாத நேரம். வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இப்ப எடுங்க" என்றார். அண்ணாச்சி ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்த திருப்புதிய? உப்பு அம்பாரம்னு நெனச்சி எடுங்க." சிரித்துக்கொண்டே சொன்னார். ரோல் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது காரில் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மணல் மருந்துல கழுவுங்க. கேட்டியளா? இருந்தபடி வரட்டும்" என்றார்.

"சரிளா" என்றார் அண்ணாச்சி.

அன்றிரவு மகளிடம் போனில் பேசும்போது, "மொட்டைத் தலையோட ராணி மாதிரி இருந்தேன்ளா, அப்பா எடுத்திருக்காக" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த மாதம் முடியும் முன் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுநாள் காலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. ஓடினேன். குளியலறைக் கொடியில் அன்றைக்கு அளத்தில் எடுத்த பிலிம் ஈரத்தோடு தொங்கியது. அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"ஏதாச்சும் தெரியுதாலே?"

கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் இருந்த முருங்கை மரம் தெரிந்தது.

"கேமராவுல கோளாறா அண்ணாச்சி?"

"கேமராவா இருந்தா ஓரத்துல நம்பராச்சும் வந்திருக்கணும். கம்பெனிக்காரன் பிலிமுல அடிச்சி விட்ட நம்பர், பேரு. அதுவும் இல்ல. மருந்து செத்துப்போச்சு. இனி எந்த மருந்துல போட்டாலும் வராது."

செத்தது டி-76. அக்காவுக்கு நோய் வருவதற்கு முன்னால் அவர் கலந்து வைத்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் பாதி பாட்டிலாக எத்தனையோ மாதம் கிடந்திருக்கிறது. நிறம் மாறவில்லை என்று நம்பிவிட்டார். வெட்டிப் போடும் பிலிம் நுனியை மருந்தில் முக்கினால் போதும், கருத்தால் மருந்துக்கு உயிர் இருக்கிறது. நாள் முழுக்க உப்பைச் சோதிக்கிற மனிதர் அதைச் செய்யவில்லை.

"அக்கா ரோடினால்லதானே..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"கன்னத்து எலும்பு தெரியும்லா? கழுத்து நரம்பு தெரியும்லா? நான் எப்பிடிலே அதப் பாப்பேன்? கொஞ்சம் மிருதுவா வரட்டும்னு நெனச்சேன். அவ அழகா வரட்டும்னு."

ரோடினால் பாட்டில் அதே அலமாரியில்தான் இருந்தது. டிக்காஷன் நிறத்தில், வருஷக்கணக்காக. அண்ணாச்சி எழுந்து அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, தரையில் கிடந்த பிலிம் நுனியை அதற்குள் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருத்தது.

ஐஸ்வர்யா உள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவள் தொங்குகிற பிலிமைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா சொன்ன மருந்துலதானப்பா கழுவுனீங்க?"

அவர் ரோடினால் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தார். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரி ரயிலுக்கு அவளை ஸ்டேஷனில் விட்டவன் நான்தான். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை அப்பாவுக்குப் போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

அண்ணாச்சி வேலைக்குப் போகிறார், வருகிறார். பிலிம் போடுவதில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்காருவார். முதலில் மழை, தண்ணீர் என்று ஏதாவது பேசுவார். பிறகு அதற்கு வந்துவிடுவார்.

"நீ அங்கனதானே நின்ன. அவ வலது கைய எங்க வச்சிருந்தா?"

"மடியிலதான் அண்ணாச்சி."

"நாற்காலிக் கையிலன்னு போன வாரம் சொன்ன."

சொன்னேனா என்று தெரியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறுவதில்லை. அவருக்கும் நினைவில்லை. அவ்வளவு நேரமும் கேமராவுக்குள்ளேதான் பார்த்திருக்கிறார், வெளிச்சத்தையும் ஃபோகஸையும். சிரித்தாள் என்பது மட்டும் நிச்சயம் என்கிறார். அடுத்த நாள் வந்து, சிரித்தது எடுக்கும்போதா எடுத்து முடித்த பிறகா என்று கேட்கிறார்.

நேற்று என் மனைவி தாங்கமாட்டாமல், "சிரிச்சிக்கிட்டுதான் இருந்திருப்பாக அண்ணாச்சி" என்றாள். அவள் அன்றைக்கு அங்கே வரவே இல்லை. அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவளிடமும் கேட்டார், கை எங்கே இருந்தது என்று.