புங்க மரத்தடியில் ஆறு வெள்ளைப் புள்ளிகள்

ஊரில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால், "மிலிட்டரிக்காரங்க டிவி பாக்கறத இவ பாத்துக்கினு இருப்பா" என்று அம்மா சொல்லிவிடுவார். ஏறக்குறைய சரிதான். ஆளில்லா விமானம் மேலே பறக்கும். கீழே கூடாரத்தில் ஒரு சிப்பாய் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் திரையில் எதை எங்கே காட்டினால் அவர் கண் ஏமாறாது, எப்போது சோர்ந்துபோகும் என்று ஆராய்வது எங்கள் குழு. விமானத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மனிதர்கள் தப்பாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருமுறை கல்வராயன் மலை அடிவாரத்தில் சோதனை வைத்தார்கள். "உங்க ஊர்ப் பக்கம்தானே" என்று ஆள் பிடிக்கும் வேலையைக் குழுத் தலைவர் என் தலையில் கட்டினார். காட்டில் ஆங்காங்கே ஆட்கள் உட்கார வேண்டும், சிப்பாய் அவர்களைத் திரையில் கண்டுபிடிக்க வேண்டும். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஆறு பெண்களை வேனில் கூட்டிவந்தேன். முக்கால்வாசிப் பேர் என் அம்மாவோடு களையெடுக்கப் போனவர்கள், என்னை இடுப்பில் சுமந்தவர்கள். ஒருவரைப் பாறைப் பக்கம், ஒருவரை மரவள்ளிக் கொல்லை ஓரம் என்று தனித்தனியாக உட்காரவைத்து, ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தேன்.

"விசில் ஊதற வரைக்கும் எடத்த வுட்டு நகரக் கூடாது பெரிம்மா."

"சும்மா குந்திக்கினு இருக்கறதுக்குப் பேரு வேலையா? இன்னா பாப்பா, இதுக்கா இம்மாம் படிப்பு படிச்ச?" என்று சிரித்தார், அவர்களில் மூத்தவரான பெரியம்மா.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதியம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் வடக்கேயிருந்து வந்த ஹவில்தார். தமிழ் தெரியாது. இதில் தேறாவிட்டால் திரை வேலையிலிருந்து எடுத்துப் பழைய படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

வெப்பத்தைப் பார்க்கும் கேமரா அது. உயிருள்ளதெல்லாம் திரையில் வெள்ளைப் புள்ளி. ஹவில்தார் பார்த்துச் சொன்னார். பாறைப் பக்கம் யாரும் இல்லை, கொல்லை ஓரத்தில் யாரும் இல்லை. ஓடைக்கரைப் புங்க மரத்தடியில் ஆறு பேர். ஐந்து பேர் நெருக்கமாக, ஒருவர் சற்றுத் தள்ளி.

குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். உட்காரவைத்த ஆறு ஆளையும் கோட்டைவிட்டுவிட்டு ஆட்டு மந்தையை ஆளென்கிறாரே என்றார். பதிவான படத்தைத் திரும்ப ஓட்டினோம். ஆடா ஆளா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, எங்கள் வரைபடத்தில் அந்த மரத்தடியில் ஆளே கிடையாதே.

ஹவில்தார் முதலில் மறுத்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஆடாகவும் இருக்கலாம், மேடம்" என்று இந்தியில் மெல்லச் சொன்னார். தப்பாகப் பார்ப்பவரைக் கண்டு நான் பயந்ததே இல்லை. தன் கண்ணை நம்பாமல் மேலதிகாரியின் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறாரே, அவரைக் கண்டால்தான் பயம். இந்த மனிதர் என் எதிரிலேயே அப்படி ஆகிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விசில் ஊதிவிட்டு அவர்களை அழைத்துவர ஜீப்பில் போனேன். ஆறு பேரும் அவரவர் இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் மதியம் சாப்பிடவில்லை. பசி வந்தால் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஜீப்பில் ஏறியதும் பெரியம்மா ஒரு தூக்குவாளியை என் மடியில் வைத்தார்.

"துன்னு பாப்பா. உனுக்குன்னு எடுத்து வச்சோம்."

திறந்தேன். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, புளிச்சோறு, கத்தரிக்காய், மாங்காய்த் தொக்கு, அவித்த முட்டை. ஆறு வீட்டுச் சமையல் ஒரே தூக்கில். நான் கொடுத்த பொட்டலங்கள் பிரிக்காமல் ஒரு பையில் கிடந்தன. எங்கள் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஒருத்தி குழம்பு இன்னொருத்தி சோற்றில் விழாமல் மதியச் சாப்பாடு முடியாது. பொட்டலம் கொடுத்தால் அது மாறிவிடுமா என்ன?

"மத்தியானம் எங்க சாப்ட்டீங்க?"

"அங்கங்கதான்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

"புங்க மரத்தடியிலயா?"

பெரியம்மாதான் ஒப்புக்கொண்டார். "நீ இட்டாந்த ஆளுங்க சொன்ன பேச்சு கேக்கலன்னு உன்னத் திட்டுவாங்க இல்ல? உனுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னுதான் சொல்லல."

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஹவில்தாரைப் பற்றிச் சொன்னேன். பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஒழுங்கா பாத்த புள்ளைக்கா இந்தக் கதி? வண்டிய அங்க வுடச் சொல்லு."

ஆறு பேரும் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். நடந்ததைப் பெரியம்மா சொல்லச் சொல்ல, குழுத் தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பாவம் பார்த்து நான்தான் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தேன் என்று நினைத்தார் போலும். "சரி, ஒரு ஆள் தள்ளி இருந்ததுன்னாரே, அது என்ன?" என்று கேட்டார். அதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

பின்னால் நின்ற, அவர்களில் வயதில் சிறியவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது நான்தாங்க. ஜீப்பு வருதான்னு பாத்துக்கினு இருந்தேங்க. அவுங்க துன்னு முடிக்கற வரைக்கும் நான் காவலு."

ஹவில்தாருக்கு இந்தியில் சொன்னேன். அவர் ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்து, மற்றக் கையின் ஒரு விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சரிதானா என்பது போல அவளைப் பார்த்தார். அவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். குழுத் தலைவர் தன் குறிப்பை அடித்து எழுதினார்.

"உனுக்குக் கண்ணு நல்லாத்தாம்பா இருக்குது. இந்தா, துன்னு" என்று பெரியம்மா தூக்கை ஹவில்தாரிடம் நீட்டினார்.

அவர் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பைத் தொட்டதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரம் என்று என்னிடம் இந்தியில் சொன்னார். ஆமாம், எங்கள் ஊர்க் காரம் அப்படித்தான் என்றேன். எனக்கென்று எடுத்து வைத்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அவரே தின்று முடித்தார்.