மாதையன் அண்ணாவும் ஒன்பதாவது வெடியும்

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் மாதையன் அண்ணாவின் மூத்த மருமகன். "மாமா போயிட்டாருங்க. காலைல டீ குடுக்க எழுப்புனோம், எந்திரிக்கலீங்க." எழுபத்தாறு வயது. நோய்நொடி என்று ஒருநாள் படுத்தவரில்லை. நல்ல சாவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த நொடியில் முதலில் வந்தது அழுகை இல்லை, 'அப்பாடா' என்ற எண்ணம். சீ, என்ன பிறவி நான்! அந்த அப்பாடா எதற்காக வந்தது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பென்னாகரத்துப் பக்கம் மிலிட்டரி மாதையன் என்றால் கிணறு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், கிழக்கு எல்லையில் எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தவர். அங்கே வெடித்த ஒன்று அவருடைய இடது காதைச் செவிடாக்கிவிட்டது. போர்க்கதை கேட்டு யாராவது நச்சரித்தால், "என்னா கதை? மண்ணுல கைய வெச்சோம், கை இருந்துச்சு. அடுத்த எடத்துல வெச்சோம். அவ்வளவுதான்" என்பார்.

ஊருக்குத் திரும்பியதும் கிணற்று வெடி வேலைக்கு லைசென்ஸ் வாங்கினார். பாறையில் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா வைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவிட வேண்டும். "அங்க எவனோ வெச்சத நான் எடுத்தேன். இங்க நானே வெக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவரோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், பெருமாள். இன்னொருவன் முனியப்பன், அண்ணாவின் மனைவி கோவிந்தம்மாள் அண்ணியின் ஒரே தம்பி. தாயில்லாத அந்தத் தம்பியை அண்ணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

வேலையில் அண்ணா ஒரு சட்டம் வைத்திருந்தார். எத்தனை குழிக்குத் திரி வைத்தோமோ அத்தனை வெடிச்சத்தம் கேட்க வேண்டும். அவரும் எண்ணுவார், நானும் எண்ணுவேன். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்து வந்தால்தான் ஆள் உள்ளே இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மறுநாள் அவர் மட்டும் தனியாக இறங்கி, வெடிக்காமல் நின்ற தோட்டாவைத் தேடுவார்.

அன்று பக்கத்து ஊரில் மாரியம்மன் பண்டிகை. கிணற்றில் ஊற்று கண்டிருந்ததால் நிலத்துக்காரர் அவசரப்படுத்தினார். ஒன்பது குழிக்குத் திரி வைத்தோம். தள்ளிப் போய் நின்று எண்ணினோம்.

"எட்டு" என்றார் அண்ணா.

"ஒன்பதுங்க."

"நல்லாக் கேட்டியாடா? எனக்கு எட்டுதான்."

"உங்க காதுதான் பாதிக் காதாச்சே! ஒன்பதுங்கறேன், உடுங்கண்ணா. அங்க கறிச்சோறு காத்துக்கிட்டிருக்குது" என்றேன். அந்தப் பண்டிகை ஊர் என் மாமியார் ஊர். கிடா வெட்டியிருந்தார்கள். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை.

அண்ணா தயங்கினார். பிறகு தலையாட்டினார். முனியப்பன் கடப்பாரையோடு இறங்கினான். உடைந்த கல்லை நெம்பினான். வெடித்தது.

அவனை மேலே தூக்கிக் கிடத்தியபோது, பண்டிகை ஊரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மன் புறப்பாட்டுக்குப் போடுகிற அதிர்வேட்டு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோதும் அப்படி ஒன்று வந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் நான் ஒன்பது என்று எண்ணியிருக்கிறேன். அண்ணாவின் செவிட்டுக் காது அந்த ஊர்ப் பக்கம் இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை. அவர் எண்ணியதுதான் சரி.

போலீஸ் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா முந்திக்கொண்டார். "ஒன்பதுன்னு எண்ணுனது நான்தானுங்க. பெருமாளு அப்ப இங்க இல்ல, மோர் வாங்கப் போயிருந்தான்." பிறகு என்னைத் தனியே இழுத்துப் போனார். "உம் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். நீ உள்ள போனா அவ என்ன ஆவா? ரெண்டு பேர் எண்ணறதும் ஒத்து வரணும்னு சட்டம் போட்டவன் நானு, மீறுனவனும் நானு. வாய மூடிக்கிட்டு இரு." நானும் மூடிக்கொண்டேன். அவர் ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

சிறையைவிடக் கொடியது வீட்டில் காத்திருந்தது. அண்ணி அவரோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். சமைத்தார், துணி துவைத்தார், காய்ச்சலென்றால் கஷாயம் வைத்தார். பேச்சு மட்டும் இல்லை. "உங்கப்பனச் சாப்படச் சொல்லுங்கடி" என்று மகள்கள் இருவரிடமும் சொல்வார். மகள்கள் கல்யாணமாகிப் போன பிறகு ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பார். அண்ணா எழுந்து போய்ச் சாப்பிடுவார். இப்படியே முப்பத்தெட்டு வருடம்.

அதற்குப் பின் அவர் வெடியைத் தொடவில்லை. பம்ப்செட் ரிப்பேர் கற்றுக்கொண்டு அதில்தான் மகள்களைப் படிக்கவைத்தார். எழுபது வயதிலும் கிணற்றுக்குள் அவரே இறங்குவார், வேறு யாரையும் இறங்கவிடமாட்டார். "தாத்தா, நாங்க எறங்கறோம்" என்று யாராவது சொன்னால், அவருக்கு எங்கிருந்து வருமோ அந்தக் கோபம், கையில் இருக்கும் ஸ்பேனரை ஓங்கிவிடுவார்.

மூத்த மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்யும் நேரம் வந்தது. அண்ணி கூட்டத்தில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தார். "முனியப்பன் இடத்துல நீ நில்லு பெருமாளு. எனக்கு இருக்கற தம்பி நீதான்." நின்றேன். மாலையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன்! அன்று பந்திக்குப் பின் அண்ணாவிடம் போய், "சொல்லிடறேனுங்க, தாங்க முடியல" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா அவளுக்கு ரெண்டாவது தம்பியும் போயிருவான்டா. உடு." அவர் மனைவிக்காகச் சொன்னார். எனக்கோ அது வசதியாகப் போயிற்று. அவர் போன செய்தி கேட்டதும் வந்த 'அப்பாடா'வும் அதனால்தான்: உண்மை தெரிந்த இன்னொரு ஆள் இனி இல்லை.

அடக்கத்தன்று முன்னாள் ராணுவத்தினர் நாலைந்து பேர் வந்து கொடி போர்த்தி சல்யூட் அடித்தார்கள். தெருப் பையன்கள் வழக்கம்போலச் சரவெடியோடு வந்தார்கள். "அவருக்கு வெடி வேணாம்" என்றார் அண்ணி. வேறெதுவும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"போன வருசம் சொல்லியிருந்தாக்கூடப் போதுமே பெருமாளு. அந்த மனுசங்கிட்ட ஒரு வருசமாச்சும் பேசியிருப்பனே."

அண்ணி எழுந்துகொண்டார். "எங்கிட்டச் சொன்னா ஆச்சா? மச்சானைக் கொன்னவன்னு ஊரே பேசுச்சு. ஊருக்குச் சொல்லு. இனிமே இந்த வூட்டுக்கு வராத" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். உள்ளே அண்ணி, மாலை போட்ட படத்தின் முன் போய் நின்றார். "ஏங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ஏங்க" என்றார்.

போய் வாருங்கள், மாதையன் அண்ணா. நான் தெருமுனை தாண்டும் வரை அண்ணி உங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.