அப்படி யாரும் இங்கே இல்லை

ஜெர்மானாவுக்குச் சீருடையைக் கண்டாலே ஆகாது. ஜெனோவாவில் எங்கள் கட்டடத்தின் வாசலைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். யார் யாரைத் தேடி வந்தாலும் முதலில் "தெரியாது" என்பாள். சின்ன வயதில் போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிப்போனதிலிருந்து வந்த பழக்கம். அந்த ஒரு சொல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, என் தம்பியையும் சேர்த்து. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வியோரிகாவுக்கு நேர்ந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வியோரிகா மால்டோவாக்காரி. ஒன்பது வருடமாக இந்த ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பிழைத்தவள். கடைசிக் கிழவர் போனதும் மகள் டோய்னாவோடு எங்கள் மொட்டைமாடி அறைக்குக் குடிவந்தாள். நகராட்சிப் பதிவில் பத்து வருடம் விட்டுப்போகாமல் பெயர் இருந்தால் குடியுரிமைக்கு மனு போடலாம். டோய்னாவுக்குப் பதினெட்டு ஆவதற்குள் கிடைத்துவிட்டால் அவளுக்கும் சேர்த்தே கிடைக்கும். அந்த ஒரு நினைப்பில்தான் வியோரிகா உயிரைக் கொடுத்து உழைத்தாள்.

புது விலாசத்தில் நிஜமாகவே இருக்கிறாளா என்று பார்க்க நகரக் காவலர் வந்தார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அழைப்புமணிப் பலகையில் பெயரும் ஒட்டவில்லை. பாவம், இவளை ஊரைவிட்டுத் துரத்த வந்திருக்கிறார் என்று ஜெர்மானா நினைத்துவிட்டாள். "அப்படி யாரும் இங்க இல்லீங்க," என்றாள். மறுபடி மறுபடி வந்தபோதும் அதே பதில்தான். நகராட்சி பெயரை அடித்துவிட்டது. சேர்ந்த வருடமெல்லாம் போச்சு.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஜெர்மானாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியோரிகாவிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். என்மேல் எரிந்து விழுந்தாள். பலகையில் வியோரிகாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் தானே ஒட்டினாள். மறுபதிவுக்குக் காவலர் வந்த அன்று, மூட்டுவலியோடு அவரை மாடிவரை இழுத்துப்போய்க் காட்டினாள்.

"சரி, இன்னையிலேருந்து கணக்கு," என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். டோய்னாவுக்குப் பதின்மூன்று வயது. இனி அம்மாவோடு சேர்த்து அவளுக்குக் கிடைக்காது என்று அவளுக்கே புரிந்திருந்தது.

சாயங்காலம் வியோரிகா வாதுமை ரொட்டி சுட்டு ஜெர்மானா வீட்டுக்கு எடுத்துவந்தாள். நானும் காப்பிக்கு அங்கே இருந்தேன். அவள் ஜெர்மானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பாவி என்னத்தச் சொன்னானோ. அந்தக் காவலர் வந்தப்ப மட்டும் நீங்க வீட்டுல இருந்திருந்தா எனக்கு இப்படி ஆகியிருக்குமா அக்கா?"

ஜெர்மானா கையை உருவிக்கொண்டாள்.

"இருந்தேன்டி," என்றாள். "நான்தான் கதவத் தொறந்தேன்."