மா… ஓய்

என் மகளுக்கு அந்தச் சொல்லை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வியட்நாமில், சைகோனில். என் கணவர் அங்கே கடை வேலைக்கு வந்த புதுச்சேரிக்காரர். எங்கள் முதல் பிள்ளை அந்தத் தெருவின் வியட்நாமியப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தான். என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. அவர்களைப் போல "மா ஓய்" என்பான். நம் "அம்மா…" தான் அது. 'மா' மேலே ஏறும், 'ஓய்' நீளமாக இழுபடும். அம்மாவும் பதிலுக்கு "ஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை விடமாட்டான். நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனை அங்கேயே அடக்கம் செய்தோம். அடுத்த வருடம் போர் முடிந்து ஊர் கைமாறியபோது ஒரு பெட்டியோடு இங்கே வந்துவிட்டோம்.

முத்தியால்பேட்டையில் மாமியார் வீடு. தெருக்குழாயடியில் என்னை சைகோன்காரி என்பார்கள். வாய் தவறி அந்த ஊர்ச் சொல் ஒன்று வந்தால் போதும், அதையே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். இந்த ஊர்க்காரியாகிவிட வேண்டுமென்று அந்தப் பேச்சை அடியோடு விட்டேன். மகள் இங்கே பிறந்தவள். அவள் காதில் அது விழ வழியே இல்லை.

போன கல்லறைத் திருநாளன்று மாமியார் குடும்பக் கல்லறைக்குச் சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். என் பையனுக்கு ஏற்ற அங்கே இடமில்லை. நடுவிலிருந்த பெரிய சிலுவையடியில் ஒன்று ஏற்றினேன். காற்றில் அணைந்தது. திரும்ப ஏற்றினேனா, மகளைக் கூட்டத்தில் தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நகர்ந்துவிட்டேனா? எத்தனை யோசித்தும் நினைவு வரவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கமிருந்து "மா… ஓய்" என்று கேட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் கேட்டது. மறுபடியும். அதே ஏற்றம், அதே இழுப்பு.

முன்னறையிலிருந்து மாமியார் கத்தினார். "யாருடி அது, பெத்தவள ஓய்ங்கறது? மீன்காரனயா கூப்புடற? வாய்ல சூடு வெக்கறேன் பாரு!"

மகள் கிணற்றடியிலிருந்து ஓடி வந்து என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏண்டி இத்தினி தடவ கூப்புடற? கை வேலையா இருக்கேன்ல?" என்றேன்.

"நான் ஒரு தடவதாம்மா கூப்ட்டேன்" என்றாள்.

கணவரிடம் சொன்னேன். "தூக்கத்துல நீதான் அந்த ஊர்ப் பேச்சு பேசற. பொண்ணு பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கும்" என்றார்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் பயப்படுவ."

இருக்கலாம். அப்படியானால், தூக்கத்தில் நான் கூப்பிடுகிறேனா, பதில் சொல்கிறேனா? அதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமியார் மகளுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். "பாத்தியா, நெடியே வரல" என்றவர், அந்தக் கையோடு செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பங்குச் சாமியார் பையனின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கச் சொன்னார். வைத்தோம். மகள் இன்னமும் எப்போதாவது அப்படிக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய உதடு அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

மாமியாரைப் போல மகளை அதட்டி அந்தச் சொல்லை மறக்கடிக்கலாம். ஆனால் இந்த ஊரில் அவனுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். பதில் கொடுக்கலாம். கொடுத்தால் என்ன வந்து என் பெண்ணிடம் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பதில் கிடைக்கும் வரை விடாத பிள்ளை அவன்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளையை வேறு மண்ணில் விட்டு வந்தவர்கள் இருந்தால், கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்த முறை தோட்டத்துப் பக்கமிருந்து கூப்பிட்டால், நான் "ஓய்" என்று சொல்லட்டுமா?