ரேகா அக்காவின் கிரிப்பை நான்தான் ராவினேன்

ரேகா அக்கா இன்று காலை போய்விட்டார். டெங்கு... நேற்று மதியம் வரை "பேசுறா, ஜூஸ் குடிக்கிறா" என்றுதான் சொன்னார்கள்.

இது அம்மாவின் அக்கவுண்ட். எழுதுவது அவர் மகள் யாழினி, பிளஸ் ஒன். அம்மா தூங்குகிறார். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

ஆவடியில் எங்கள் ரைஃபிள் கிளப்பில் பெண்களுக்கு ஒரே ஒரு ஏர் ரைஃபிள். மேனாம்பேட்டிலிருந்து வரும் ரேகா அக்கா முதலில் சுடுவார், அடுத்து நான்.

கிரிப் என்றால் வலது கை பற்றும் மரப்பிடி. கிளப் ரைஃபிளில் இருந்தது பெரிய ஆளின் கைக்குச் செய்தது. முதல் நாள் என் விரல்நுனி மட்டும்தான் டிரிக்கரைத் தொட்டது.

செக்ரட்டரி சார், "வளர வளர சரியாயிடும் பாப்பா" என்றார்.

அக்கா விடவில்லை. "இவ கை வளர்ற வரிக்கும் போட்டிய நிறுத்தி வெப்பீங்களா சார்?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

அப்புறம் அக்கா தனக்கென்று ஒரு கிரிப் வாங்கினார். மரத்தை அரத்தால் ராவி, குழாய் ஓட்டை அடைக்கிற எபாக்ஸி மாவை அப்பி, காய்வதற்குள் இறுக்கிப் பிடித்து... அவர் விரல்கள் அப்படியே பதிந்த கிரிப். ஒரு ஸ்க்ரூதான். சுடும்போது மாட்டுவார், முடிந்ததும் கழற்றிப் பையில் போடுவார்.

எனக்கு அதன் மேல் அப்படி ஒரு ஆசை. ஒருநாள் கெஞ்சி வாங்கிச் சுட்டேன். அக்காவுக்கு நீள விரல். அவர் விரலிடுக்கில் எழும்பியிருந்த மேட்டின் மேல் என் நடுவிரல் ஏறி உட்கார்ந்தது. டிரிக்கரை நேராக இழுக்க முடியவில்லை. குண்டெல்லாம் இடது பக்கம்.

அக்கா டார்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடி, பக்கத்து லேனுக்கு கடன் குடுத்துகினு கீறியா? என் ஜாக்கெட்டு உனுக்கு பத்துமா? அப்பறம் இது மட்டும் எப்டி?"

இன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் அக்காவின் அம்மா அந்தக் கிரிப்பை என் கையில் வைத்தார். "நீ வெச்சிக்கோ கண்ணு. ஊட்ல கீறவங்களுக்கு இது இன்னாத்துக்கு?"

செக்ரட்டரி சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன்ல இவ இதுலதான் சுடுவா. ஒரு கீறல் படக்கூடாது பாப்பா. இது ரேகாவோட கை."

எல்லோரும் அழுதார்கள். நான் தலையாட்டினேன். பயம்...

ஞாயிறு தேறாவிட்டால் எனக்கு கிளப் கிடையாது, டியூஷன்தான். வீட்டில் முடிவாகிவிட்டது. அந்த மேட்டோடு சுட்டால் தேற மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் ராவிவிட்டேன்.

பாத்ரூம் கதவைச் சாத்தி, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு... முதலில் அரம், பிறகு உப்புத்தாள். மேட்டில் அரம் பட்டதும் அழுகை வந்தது. நிறுத்தவில்லை.

சார், திட்டுவதென்றால் நான் சுட்டு முடித்த பிறகு திட்டுங்கள். கிளப்பின் பழைய கிரிப்பைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அக்காவை அவமதித்தேன் என்பவர்கள் கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.

இந்தப் பதிவை அழிக்க மாட்டேன். அம்மா அழித்தால் மறுபடி போடுவேன்.

அக்கா, உங்கள் மேடு இப்போது இல்லை. என் விரல் டிரிக்கரில் நேராக உட்காருகிறது.

போய்ட்டு வாங்க.