ஆர்வில் நகலெடுக்காத டிஸ்க்

ஆர்வில் ட்வைட்டும் நானும் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் பதினான்கு வருடமாக ஒரே கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறோம். எங்கள் தொழிலுக்கு ஒரே வேதவாக்குதான்: திறக்க மறுக்கும் டிஸ்க்கில் இருப்பதை முதலில் அப்படியே நகலெடு, பிறகு எதிலும் கை வை. இதை ஓதி ஓதியே என் உயிரை எடுத்தவன் அவன்.

மார்ச்சில் லோர்னா பாக்கன் என்ற அம்மாள் ஒரு டிஸ்க்கோடு வந்தார். தூசி தட்டும்போது கைதவறிக் கீழே போட்டுவிட்டாராம், அதிலிருந்து திறக்கவில்லை. பதினொரு நாள் மட்டுமே உயிரோடிருந்த பேத்தியின் படங்கள் அதில் இருந்தன, வேறெங்கும் இல்லை. மகள் கிர்ஸ்டன், தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல், அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

ஆர்வில் செருகிப் பார்த்தான். டிஸ்க் சுழன்றது, பெயர்கூடக் காட்டியது. 'பிழை உள்ளது, சரிசெய்யவா?' என்று திரை கேட்டது. நகலெடுக்க ஒரு முழு நாளாகும். குளிரில் உறைந்த ஏரியின் பனிமேல் நிற்கும் தன் மீன்பிடிக் குடிலை, பனி உருகுமுன் அப்புறப்படுத்த அன்றுதான் கடைசி நாள். அதற்குள் ஒருமுறை தூண்டில் போட்டுவிட வேண்டும் அவனுக்கு. 'ஆம்' என்று அழுத்திவிட்டுக் கிளம்பிவிட்டான். திரும்பி வந்தபோது டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதோடு சரி, உள்ளே இருந்த படமெல்லாம் போச்சு.

"விழுந்ததுல போயிடுச்சு, லோர்னாம்மா," என்றான் பாவி. பக்கத்தில் நின்ற நான் மட்டும் என்ன யோக்கியன்? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் அந்த அம்மாள் எங்களுக்காக ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டு கேக் செய்து எடுத்து வந்தார்.

"பாவம், நீங்களும் எவ்வளவோ பாத்தீங்க. கிர்ஸ்டன் மூணு மாசமா எங்கிட்ட பேசல. அவளச் சொல்லி என்ன? போட்டது நான்தானே."

அவர் போனதும், "சாப்பிடுடா, உனக்குத்தான் செஞ்சிருக்காங்க," என்று குத்தினேன்.

"தொண்டைல இறங்கலடா. வண்டிய எடு."

கிர்ஸ்டன் வீட்டு வாசலில் நின்றே ஆர்வில் அவளிடம் சொன்னான்: "உங்கம்மா போட்டதுல அந்த டிஸ்க் சாகல. நான்தான் கொன்னேன். நகல் எடுத்திருக்கணும், எடுக்கல. மீன் பிடிக்கப் போற அவசரம்."

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தி அவன் கையில் திணித்தாள். "சொல்லுங்க."

முதல் மணி அடித்து முடிவதற்குள் லோர்னாம்மா எடுத்துவிட்டார்.

"கிர்ஸ்டி? கண்ணு, நீயா கூப்பிடுறே?"

ஆர்வில் கண்களை மூடிக்கொண்டான்.

"இல்லம்மா," என்றான். "நான் ஆர்வில்."